இன்னும் விளக்கு வரலை, படுத்துக்கோ

விடிகாலை 4:50-க்கு எழுந்து உட்கார்ந்து "அம்மா, விளையாடலாம் வா" என்று கையைப் பிடித்து இழுக்கும் பிள்ளையைக் காலை வரை படுக்கையில் இருக்க வைக்கும் வேலை, அந்த 4:50-க்கு ஆரம்பிப்பதில்லை. முந்தின நாள் மதியமே ஆரம்பித்துவிடுகிறது. இது எனக்குப் புரிய நாலைந்து மாதம் ஆனது. அந்த மாதங்களில் என் மகளுக்கு இரண்டே முக்கால் வயது, நான் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன், காலை பத்து மணிக்கே கண் எரியும். அதனால் இதை எழுதும்போது, தூக்கம் இல்லாமல் இதைப் படிக்கிற அம்மா அப்பாவை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது 2 வயதிலிருந்து 5 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு. கைக்குழந்தை இரவிலும் விடிகாலையிலும் பாலுக்கு எழும், அதைப் பழக்கி நிறுத்தப் பார்க்கக் கூடாது.

முதலில் ஒரு வாரம் எதையும் மாற்றாமல் ஒரு நோட்டில் எழுதுங்கள். இரவு எத்தனை மணிக்கு உண்மையிலேயே தூங்கியது (படுத்த நேரம் இல்லை, தூங்கின நேரம்), காலையில் எப்போது எழுந்தது, மதியம் எப்போதிலிருந்து எப்போது வரை தூங்கியது. மூன்றே வரி போதும். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி 1 முதல் 2 வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 11 முதல் 14 மணி நேரம் தூக்கம் வேண்டும், 3, 4 வயதுக்கு 10 முதல் 13 மணி நேரம். மதியத் தூக்கமும் இதில் சேர்த்திதான், அதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறோம்.

இப்போது கூட்டிப் பாருங்கள். மூன்று வயதுப் பிள்ளை இரவு 8 மணிக்குத் தூங்கி 5 மணிக்கு எழுகிறது, மதியம் 2 மணி நேரம் தூங்குகிறது என்றால் மொத்தம் 11 மணி நேரம் ஆகிவிட்டது. அந்தப் பிள்ளையிடம் ஒரு குறையும் இல்லை, அது தூங்க வேண்டியதைத் தூங்கி முடித்துவிட்டது. அந்தத் தூக்கத்தை மொத்தமாகக் கொஞ்சம் தள்ளி வைத்தால் போதும். ஆனால் இரவு 10 மணிக்குத் தூங்கி, 5-க்கு எழுந்து, மதியம் ஒரு மணி நேரம் மட்டும் தூங்கும் பிள்ளைக்கு 8 மணி நேரம்தான் கிடைக்கிறது. அங்கே நிலைமை வேறு. அந்தப் பிள்ளைக்குத் தூக்கம் போதவில்லை, போதாதபோதும் அந்தப் பிள்ளையால் தொடர்ந்து தூங்க முடியவில்லை. இந்த இரண்டுக்கும் வைத்தியம் நேர் எதிர் என்பதால்தான் நோட்டில் எழுதச் சொல்கிறேன்.

அப்புறம், காலை என்றால் எத்தனை மணி என்று வீட்டில் எல்லோரும் சேர்ந்து ஒரு நேரம் வையுங்கள். எங்கள் வீட்டில் 6 மணி. சின்னப் பிள்ளையிடம் ஏழரை மணியெல்லாம் எதிர்பார்க்க வேண்டாம், பெரும்பாலான பிள்ளைகளின் உடம்பே அப்படி இல்லை. 6 மணி நியாயமான நேரம்.

விடிகாலை ஏன் இவ்வளவு கஷ்டம் என்று தெரிந்துகொண்டால் பொறுமை வரும். ஆழ்ந்த தூக்கம் பெரும்பாலும் இரவின் முதல் பாதியிலேயே முடிந்துவிடுகிறது. 4 மணிக்கு மேல் இருப்பது மேலோட்டமான தூக்கம். அதிலும் ஒரு சுற்று முடிந்து அடுத்த சுற்று தொடங்குமுன் எல்லோருக்கும் லேசாக விழிப்பு வரும். நமக்கும் வரும், நாம் புரண்டு படுத்துவிடுவோம், காலையில் ஞாபகம்கூட இருக்காது. பிள்ளை அந்த நொடியில் ஒரு வெளிச்சத்தையோ சத்தத்தையோ ஈரத்தையோ உணர்ந்தால் முழுதாக விழித்துவிடும். அந்த நேரத்தில் தூக்கத்தின் அசதியும் ஏறக்குறைய தீர்ந்திருக்கும் என்பதால் திரும்பத் தூங்குவது கடினம்.

ஆகவே ஒருநாள் நீங்களே 4:30-க்கு எழுந்து பிள்ளை படுக்கும் அறையில் சும்மா உட்கார்ந்து பாருங்கள். நான் அப்படி உட்கார்ந்த அன்று என்னென்ன கேட்டது தெரியுமா? 4:35-க்கு மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார். அப்புறம் ஒரு குயில், மார்ச் மாதத்திலிருந்து அது விடியுமுன்பே ஆரம்பித்துவிடும். பால் பாக்கெட் போடுகிறவரின் வண்டி. ஐந்து மணிக்கு சமையலறையில் பாத்திரம். இது தினமும் நடப்பதுதான், எனக்குப் பழகிப்போய்க் காதில் விழாமலே இருந்திருக்கிறது. மோட்டார் போடும் நேரத்தைக் கீழ் வீட்டில் கேட்டு இரவு 9 மணிக்கு மாற்றிக்கொண்டோம், அவர்களுக்கும் அது சௌகரியமாகத்தான் இருந்தது. குயிலை ஒன்றும் செய்ய முடியாது, மார்கழியில் கோயில் ஒலிபெருக்கியையும் ஒன்றும் செய்ய முடியாது. அதற்கு மின்விசிறிதான் துணை. ஒரே சீராக ஓடும் ஃபேன் சத்தம் இடையில் வரும் திடீர்ச் சத்தங்களை மூடிவிடுகிறது. குளிர்காலத்தில்கூட ஃபேனை சுவர் பக்கம் திருப்பி ஓட விடுகிறேன்.

வெளிச்சம் இதைவிட முக்கியம். சென்னையில் மே கடைசி, ஜூன் தொடக்கத்தில் சூரியன் 5:42 வாக்கில் உதிக்கிறது, அதற்கு இருபது நிமிடம் முன்னாலேயே அறை வெளுத்துவிடும். ஜனவரி கடைசியில் சூரிய உதயம் 6:35-க்குப் பக்கத்தில். ஆகவே பொங்கல் சமயத்தில் சமர்த்தாகத் தூங்கிய பிள்ளை கோடையில் சீக்கிரம் எழுந்தால் அதற்குக் காரணம் ஜன்னல்தான். திரை போட்டிருக்கிறோமே என்று நினைப்பீர்கள். ஜன்னலுக்கு மேலே இருக்கும் வென்டிலேட்டரைப் பாருங்கள், நம் வீடுகளில் அதற்குத் திரையே இருக்காது, அதன் வழியாக வரும் வெளிச்சம் நேராகப் பிள்ளையின் முகத்தில் விழும். கறுப்பு சார்ட் பேப்பர் வாங்கி டேப் போட்டு ஒட்டினேன், ஐம்பது ரூபாய்கூட ஆகவில்லை. காற்று வர வேண்டிய வீடு என்றால் அதை மூடாமல், பிள்ளை படுக்கும் இடத்தை வெளிச்சம் விழாத மூலைக்கு மாற்றுங்கள்.

உடம்பின் சூடு விடிகாலையில்தான் மிகவும் இறங்கியிருக்கும். இரவு பத்து மணிக்குப் புழுங்குகிறது என்று வெறும் ஜட்டியோடு படுத்த பிள்ளைக்கு 4:30-க்குக் குளிரும், போர்வையையும் உதைத்துத் தள்ளியிருக்கும். மெல்லிய பருத்தியில் முழுக்கை, முழுக்கால் சட்டை போட்டுவிட்டால் போர்வையைத் தேட வேண்டாம். ஏசி வைத்திருப்பவர்கள் 4 மணிக்கு அணைகிற மாதிரி டைமர் வைக்காதீர்கள். அணைந்த அரை மணி நேரத்தில் வியர்த்து எழுந்துவிடும். அளவாக 26-இல் வைத்து விடியும் வரை ஓட விடுவது நல்லது.

பசியும் மூத்திரமும் அடுத்தது. இரவுச் சாப்பாடு 7 மணிக்கு இரண்டு இட்லியோடு முடிந்துவிட்டால் 5 மணிக்குப் பசிப்பது இயற்கை. தூங்குவதற்கு முன் ஒரு டம்ளர் பாலோ ஒரு வாழைப்பழமோ கொடுத்து, பல் தேய்த்து, பாத்ரூம் போகவைத்துப் படுக்க வையுங்கள். தண்ணீரைச் சாயந்திரத்துக்குள் நிறையக் குடிக்க வைத்துவிட்டு படுக்கும் நேரத்தில் இரண்டு வாய் மட்டும். ஆனால் விடிகாலை 5 மணிக்குப் பால் கொடுக்கிற பழக்கம் இருந்தால், அதுதான் பிள்ளையை எழுப்பிக்கொண்டிருக்கும். வயிறு அந்த நேரத்தைக் கற்றுக்கொண்டுவிடுகிறது. ஒரே நாளில் நிறுத்தாமல், இரண்டு நாளுக்கு ஒருமுறை பத்து நிமிடம் தள்ளித் தள்ளி 6 மணிக்குக் கொண்டுபோங்கள்.

இனி மதியத் தூக்கமும் இரவு படுக்கும் நேரமும். "ராத்திரி லேட்டா தூங்க வெச்சா காலையில லேட்டா எழும்" என்று எனக்குச் சொல்லாதவர்கள் இல்லை. ஒரு கல்யாணத்துக்குப் போய் இரவு 11:30-க்குத் தூங்கினாள், காலையில் 5 மணிக்கு டாணென்று எழுந்தாள், அன்று முழுக்க அழுதாள். உடம்புக் கடிகாரம் ஒரு நாளில் நகராது. மெல்ல நகர்த்த வேண்டும், அவ்வளவுதான். மொத்தத் தூக்கம் போதுமானதாக இருக்கிற பிள்ளைக்கு (மேலே சொன்ன 11 மணி நேரக் கணக்கு) படுக்கும் நேரத்தை மூன்று நாளுக்கு ஒருமுறை 15 நிமிடம் பின்னால் தள்ளுங்கள், 8 மணியிலிருந்து 8:45 வரை போகலாம். மதியத் தூக்கத்தை ஒன்றே கால் மணி நேரத்தில் நிறுத்துங்கள், எப்படியும் 3 மணிக்கு மேல் தூங்க விடாதீர்கள். எழுப்பினால் சிணுங்கும், மடியில் போட்டுத் தட்டிக்கொண்டு பேச்சுக் கொடுத்தால் சரியாகிவிடும். டே கேருக்குப் போகிற பிள்ளை என்றால் அங்கே எவ்வளவு நேரம் தூங்குகிறது என்று ஆயாம்மாவிடம் கேளுங்கள். என் மகள் அங்கே இரண்டரை மணி நேரம் தூங்கிக்கொண்டிருந்தாள், நான் கேட்கும் வரை யாரும் சொல்லவில்லை.

தூக்கம் பற்றாத பிள்ளைக்கு நேர் எதிராக, படுக்கும் நேரத்தை முன்னால் கொண்டுவர வேண்டும். இதுதான் நம் வீடுகளில் ரொம்பக் கஷ்டம், ஏனென்றால் அப்பா ஒன்பது, ஒன்பதரைக்குத்தான் வருகிறார், வந்ததும் பிள்ளைக்குக் கொண்டாட்டம், தூக்கிப் போட்டு விளையாட்டு, பத்தரைக்கு முன் யாரும் படுப்பதில்லை. அப்பாவும் பிள்ளையும் பார்த்துக்கொள்ளவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். அந்த விளையாட்டைக் காலை 6 மணிக்கு மேல் மாற்றிக்கொள்ளலாம், காலையில் குளிப்பாட்டுவது அப்பா வேலை என்று வைத்துவிடலாம். எங்கள் வீட்டில் அவர் வருவதற்குள் மகள் தூங்கியிருப்பாள், காலையில் அரை மணி நேரம் முழுக்க அவருக்கே. இரண்டு பேரும் இப்போது முன்பைவிட நெருக்கமாகத்தான் இருக்கிறார்கள்.

சாயந்திரம் 5-லிருந்து 6:30 வரை பிள்ளையை வெளியே கூட்டிப் போங்கள், மொட்டை மாடியோ பூங்காவோ தெருவோ எதுவும் சரி. சாயந்திர வெளிச்சம் உடம்புக் கடிகாரத்தைப் பின்னால் தள்ளும், விடிகாலை வெளிச்சம் முன்னால் இழுக்கும். இதே காரணத்துக்காகத்தான் 5 மணிக்கு எழுந்த பிள்ளையை பால்கனியில் நிறுத்தி வேடிக்கை காட்டக் கூடாது. இன்று காட்டிய வெளிச்சம் நாளைக்கும் 5 மணிக்கு எழச் சொல்லும். இரவு 8 மணிக்கு மேல் வீட்டில் ட்யூப் லைட்டை அணைத்துவிட்டு மங்கலான விளக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், டிவியும் வேண்டாம்.

இதையெல்லாம் சரி செய்தும் பிள்ளை 5:10-க்கு எழுந்து உட்காரும். இனிமேல்தான் உண்மையான வேலை. 5-லிருந்து 6 வரை அந்தப் பிள்ளைக்கு என்ன கிடைக்கிறது என்று யோசியுங்கள். எனக்குத் தூக்கம் தாங்காமல் மூன்று வாரம் கையில் போனைக் கொடுத்துவிட்டுப் படுத்திருந்தேன். நான்காவது வாரம் 4:40-க்கு எழுந்து போன் கேட்டாள். எழுந்தால் போன், எழுந்தால் பிஸ்கட், எழுந்தால் தாத்தாவோடு மாடு பார்க்கப் போகலாம் என்றால் எந்தப் பிள்ளைதான் தூங்கும்? அந்த ஒரு மணி நேரத்தில் ஒன்றுமே கிடைக்கக் கூடாது. திட்டும் கூடாது, கொஞ்சலும் கூடாது. நடு இரவு ஒரு மணிக்கு எழுந்தால் என்ன செய்வீர்களோ அதையேதான் 5:10-க்கும் செய்ய வேண்டும்.

இதில் வீட்டுப் பெரியவர்களிடம் பேசுவதுதான் எனக்குத் தயக்கமாக இருந்தது. என் மாமனார் 4:30-க்கு எழுகிறவர். பேத்தி எழுந்து வந்தால் அவருக்கு அவ்வளவு சந்தோஷம், மடியில் வைத்துக்கொண்டு காபி குடிப்பார், ஐந்தேகாலுக்கு அவளைத் தூக்கிக்கொண்டு தெருமுனை வரை நடப்பார். அதை எப்படி வேண்டாம் என்று சொல்வது? "மாமா, நடக்கறத நிறுத்த வேணாம், ஆறேகாலுக்கு வெச்சுக்கலாமா? அவளுக்கு இன்னும் ஒரு மணி நேரம் தூக்கம் வேணும்னு தோணுது" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார், அப்புறம் சரி என்றார். அதோடு விடவில்லை, மறுநாளிலிருந்து டபரா டம்ளரை ராத்திரியே ஹாலில் எடுத்து வைத்துக்கொண்டு, டிகாக்ஷனும் ராத்திரியே போட்டு வைத்து, சமையலறையில் ஒரு சத்தமில்லாமல் காபி கலந்தார். பெரியவர்களுக்குக் காரணத்தைச் சொல்லி, அவர்களுக்குப் பிடித்ததைப் பறிக்காமல் நேரத்தை மட்டும் மாற்றிக் கேட்டால் பெரும்பாலும் நம்மைவிடக் கவனமாகச் செய்வார்கள்.

பிள்ளைக்கு மணி பார்க்கத் தெரியாது. "இன்னும் விடியலை" என்றால் அதற்கு ஜன்னலில் வெளிச்சம் தெரிகிறதே என்று குழப்பம். அதனால் ஒரு அடையாளம் வேண்டும். மின்சாதனக் கடையில் டைமர் பிளக் கிடைக்கும், அதில் ஒரு ஜீரோ வாட்ஸ் பல்பை மாட்டி, குறித்த நேரத்துக்குத் தானாக எரிகிற மாதிரி வையுங்கள். மஞ்சளோ சிவப்போ நல்லது. இரவு முழுக்க விடிவிளக்கு எரிகிற வீடு என்றால் இது வேறு நிறத்தில் இருக்கட்டும். "இந்த விளக்கு வந்தா காலை. வரலைன்னா ராத்திரி." பிள்ளைக்கு இதைத் தவிர வேறு விளக்கம் வேண்டாம். முள் சுற்றுகிற மாதிரியான டைமர் கரண்ட் போனால் நின்றுவிடும், அரை மணி நேரம் கரண்ட் இல்லையென்றால் விளக்கும் அரை மணி நேரம் தாமதமாக எரியும். பாவம், பிள்ளை காத்துக்கொண்டே இருக்கும். படுக்குமுன் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

முதல் நாளே 6 மணிக்கு வைத்துவிடாதீர்கள். இதை ரொம்ப அழுத்திச் சொல்கிறேன். பிள்ளை இப்போது 5 மணிக்கு எழுகிறது என்றால் விளக்கை 5:05-க்கு வையுங்கள். ஐந்து நிமிடம் படுத்திருக்க எந்தப் பிள்ளையாலும் முடியும். விளக்கு எரிந்ததும் பக்கத்தில் போய்க் கட்டிக்கொண்டு, "விளக்கு வந்துருச்சு, சமத்தா படுத்திருந்தியே" என்று சொல்லித் தூக்குங்கள். நான் காத்திருந்தேன், காலை வந்தது என்று அதற்கே ஒரு பெருமை வரட்டும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை ஐந்து அல்லது பத்து நிமிடம் நகர்த்துங்கள். சாக்லேட்டெல்லாம் வேண்டாம், ஜன்னல் திறப்பதும் தாத்தாவின் நடையும் போதும்.

பகலில் ஒத்திகை பாருங்கள், இது பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும். பொம்மையைப் படுக்க வைத்து, விளக்கை அணைத்து, "பொம்மை எழுந்துடுச்சு, விளக்கு இல்லையே, என்ன பண்ணணும்?" என்று கேளுங்கள். என் மகள் பொம்மையைத் தட்டித் தட்டி, நான் சொல்கிற அதே குரலில் "படுத்துக்கோ" என்று சொன்னாள். விளக்கு வரும் வரை என்னென்ன செய்யலாம் என்பதையும் சொல்லிக் கொடுங்கள். படுத்திருக்கலாம், பொம்மையிடம் மெதுவாகப் பேசலாம், துணிப் புத்தகத்தைத் தடவிப் பார்க்கலாம். "தூங்கு" என்று மட்டும் சொல்லாதீர்கள். தூக்கத்தை யாராலும் கட்டளை போட்டு வரவழைக்க முடியாது. படுத்திருப்பது அதன் கையில் இருக்கிறது, அதை மட்டும் கேளுங்கள். படுத்திருந்தால் பாதி நாட்களில் தூக்கம் தானாக வந்துவிடும்.

தனிக் கட்டிலில் படுக்கிற பிள்ளை எழுந்து வந்தால், கையைப் பிடித்துத் திரும்பக் கூட்டிப் போய், "இன்னும் விளக்கு வரலை, படுத்துக்கோ" என்று ஒரே வாக்கியம். விளக்குப் போடாமல், கோபமில்லாமல், கதை பேசாமல். பத்து தடவை வந்தால் பத்து தடவையும் அதே வாக்கியம், அதே குரல். ஆனால் நம்மில் நிறையப் பேர் ஒரே பாயில், ஒரே மெத்தையில், ஒரே கொசுவலைக்குள் சேர்ந்துதான் படுக்கிறோம். அதில் தவறே இல்லை, சொல்லப்போனால் இது சுலபம். வலைதான் எல்லை, விளக்கு வரும் வரை வலையை விட்டு வெளியே போவதில்லை என்று வைத்துக்கொள்ளலாம். நீங்கள் கண்ணை மூடி மெதுவாக மூச்சு விட்டுக்கொண்டு, ஒரு கையை அதன் முதுகில் வைத்துப் படுத்திருங்கள். மேலே ஏறி உட்காரும், கண் இமையைப் பிரித்துப் பார்க்கும், சிரிப்பு வரும், அடக்கிக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் நீங்கள் போனை எடுத்துப் பார்த்தால் எல்லாம் போச்சு, அந்த வெளிச்சம் ஒன்றே போதும் அதை எழுப்பிவிட.

மூன்றாம் நாள் நான்காம் நாள் அழுகை அதிகமாகும். இதுவரை கிடைத்தது இப்போது ஏன் கிடைக்கவில்லை என்று பிள்ளை பலமாகக் கேட்டுப் பார்க்கிறது. இந்த இடத்தில்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள், அன்றைக்கு மட்டும் போனைக் கொடுத்துவிட்டால் பலமாக அழுதால் கிடைக்கும் என்று கற்றுக்கொண்டுவிடும். பக்கத்திலேயே இருங்கள், தட்டிக் கொடுங்கள், தனியாக அழவிட வேண்டியதில்லை. எழுந்து வெளியே போவது மட்டும் கிடையாது. காய்ச்சல், சளி, வாந்தி என்றால் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, உடம்பு சரியான பிறகு தொடங்குங்கள்.

சில சமயம் பழக்கம் காரணமாக இருக்காது. தினமும் குறட்டை விடுகிறது, வாயைத் திறந்து மூச்சு விடுகிறது, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறது என்றால் டான்சிலோ மூக்கின் பின்னால் இருக்கும் அடினாய்டோ வீங்கியிருக்கலாம், மருத்துவரிடம் காட்டுங்கள். ராத்திரியில் ஆசனவாயைச் சொறிந்துகொண்டு புரண்டால் புழு இருக்கலாம். அங்கன்வாடியிலும் பள்ளியிலும் பிப்ரவரி, ஆகஸ்ட் மாதங்களில் 1 முதல் 19 வயது வரை உள்ள பிள்ளைகளுக்குக் குடற்புழு நீக்க மாத்திரை கொடுப்பார்கள், அது விட்டுப்போயிருந்தால் கேளுங்கள். வெளிறிப்போய், தூக்கத்தில் காலை உதைத்துக்கொண்டே இருக்கிற பிள்ளைக்கு இரும்புச்சத்து குறைவாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஒன்றை மட்டும் செய்யவே கூடாது: நன்றாகத் தூங்கட்டும் என்று சளி மருந்து ஊற்றுவது. குளோர்ஃபெனிரமினும் ஃபினைலெஃப்ரினும் கலந்த சளி மருந்தை 4 வயதுக்குக் கீழ் கொடுக்கக் கூடாது என்று லேபிளிலேயே அச்சிட வேண்டும் என மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023-இல் உத்தரவிட்டது. தூக்கத்துக்காக மருந்து என்ற பேச்சே வேண்டாம்.

எங்களுக்கு 4:50-லிருந்து 5:50-க்கு வர ஏறக்குறைய மூன்று வாரம் ஆனது. நடுவில் இரண்டு நாள் பழையபடி 5 மணிக்கு எழுந்தாள், நான் விளக்கை மறுபடி பத்து நிமிடம் முன்னால் வைத்து அங்கிருந்து தொடங்கினேன். தீபாவளிக்கு ஊருக்குப் போய் ராத்திரி ரயில், விடிகாலை எண்ணெய்க் குளியல் என்று எல்லாம் கலைந்தது. திரும்பி வந்ததும் அதே விளக்கு, அதே வாக்கியம், மூன்று நாளில் சரியானது. சில பிள்ளைகள் என்ன செய்தாலும் 5:30-க்கு மேல் தூங்காது. நோட்டில் கூட்டிப் பார்த்தால் தூக்கம் போதுமான அளவு இருக்கிறது, மதியம் வரை சிரித்துக்கொண்டு விளையாடுகிறது என்றால் அதன் உடம்பு அப்படித்தான் என்று எடுத்துக்கொண்டு, வீட்டில் ஒருவர் இரவு ஒன்பதரைக்கே படுத்துவிடுங்கள், காலை முறையை ஆளுக்கு ஒரு நாள் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமையும் விளக்கு அதே 6 மணிக்குத்தான் எரிய வேண்டும். பிள்ளை விளக்கைப் பார்க்காமலே தூங்க ஆரம்பித்த பிறகும் உடனே கழற்றிவிடாதீர்கள். எல்.கே.ஜி. சேர்ந்த பிறகு ஒருநாள் என் மகளே வந்து, "பல்ப தாத்தா ரூம்ல வெச்சுக்கலாம், அவர்தான் சீக்கிரம் எழுந்துக்கறார்" என்று சொன்னாள். அன்றைக்குத்தான் கழற்றினோம்.